வாளிக்குப் பதில் கஸ்பார்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. அங்கே தள்ளி உட்கார்ந்தா பாதிக் கதையைக் காத்து கொண்டு போயிரும். மீதிப் பாதியைக் கேட்டுட்டு நீங்க என்னைத்தான் முட்டாள்னு நினைப்பீங்க.

கூனித்துறை என்று கடலோரத்தில் ஓர் ஊர். ஊரில் எல்லாரும் நல்லவர்கள். கடலுக்குப் போகும்போது கதவைத் திறந்து போட்டுவிட்டு, பூட்டை மட்டும் பத்திரமாகக் கையோடு எடுத்துப் போவார்கள். பூட்டு களவு போய்விடக் கூடாதே, அதற்கு.

அந்த ஊர் இளந்தாரிதான் சேசடிமை. சொந்தமாக ஒரு வள்ளம், வள்ளத்தின் பின்புறம் ஓர் எஞ்சின், வீட்டில் ஒரு அம்மா. வேறு குறை இல்லாமல் இருந்தவனுக்கு, பக்கத்து ஊரான வெள்ளைமணல் கோவில் திருவிழாவில் குறை வந்து சேர்ந்தது. பிரகாசி என்ற பெண் அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். சட்டையின் உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு போயிருந்தான், அதனால் திருவிழாக் கூட்டமே அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. ஆனால் அவள் சிரித்தது மட்டும் அவனுக்குத் தனியாகக் கேட்டது. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

பெண் கேட்டுப் போனார்கள். பிரகாசியை வளர்த்த தாய்மாமன் வியாகுலம் பெரிய மீசைக்காரர். சொன்ன சொல்லை மாற்றாதவர். அவரிடம் இருந்த பெருமை அது ஒன்றுதான், அதனால் அதை நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

"எங்க ஊர்ல பொண்ணு கட்டணும்னா முதல் பாடு வரணும்" என்றார். "நிச்சயத்தன்னைக்குக் காலையில மாப்பிள்ளை சொந்த வள்ளத்துல போகணும். வலை போடக் கூடாது. ஓடுற வள்ளத்துக்குப் பின்னால தூண்டிலை விட்டு, மெதுவா இழுத்துக்கிட்டே போய்ப் பிடிக்கணும். முதல்ல தூண்டில்ல எது ஏறுதோ அதுதான் சீர். அதைத் திருப்பிக் கடல்ல விடக் கூடாது. மாத்தக் கூடாது. சந்தையில வாங்கக் கூடாது. அப்படியே முழுசா, தாம்பாளத்துல வச்சு, வால் தாம்பாளத்துக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கணும். உச்சி மணி அடிக்கறதுக்குள்ள வாசல்ல வந்து நிக்கணும். வரலைன்னா, பொண்ணுக்கு வேற இடம் பார்ப்போம்."

"சரி மாமா" என்றான் சேசடிமை. எதைச் சொன்னாலும் சரி என்கிற ஊர் அது.

நிச்சய நாள் விடிந்ததும் நாலு பேர் வள்ளத்தில் ஏறினார்கள். மாப்பிள்ளை சேசடிமை. எஞ்சின் ஓட்டத் தொம்மை. எடுபிடிக்கு லாசர். நாலாவது ஆள் கஸ்பார். கூனித்துறையின் புத்திசாலி அவன்தான். ஒருநாள் கடற்கரையில் நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஆளாளுக்கு ஓடினார்கள். கஸ்பார் மட்டும் நனையாமல் இருக்க வேண்டும் என்று கழுத்து வரைக்கும் கடலுக்குள் இறங்கி நின்றான். அன்றைக்கு ஊர் அசந்துபோனது. அதற்குப் பிறகு அவனைக் கேட்காமல் யாரும் ஒன்றும் செய்வதில்லை.

கோழி இறகு கட்டின தூண்டிலைச் சேசடிமை பின்னால் விட்டான். தொம்மை எஞ்சினை முடுக்கினான். வள்ளம் பறந்தது. அந்த எஞ்சினில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பிடி துருவேறி, முழு வேகத்திலேயே இறுகிப்போயிருந்தது. நிறுத்தலாம், இல்லையென்றால் பறக்கலாம். நடுவில் ஒன்றும் கிடையாது. தூண்டில் தண்ணீருக்குள் இறங்கவே இல்லை. வள்ளத்துக்குப் பின்னால் துள்ளித் துள்ளி ஆகாயத்தில் வந்தது. ஒரு கடற்காக்கை அதைக் கோழி என்று நினைத்துக் கூடவே கொஞ்ச தூரம் பறந்தது. மீன் ஒன்றும் ஏறி வந்து கடிக்கவில்லை.

கரைக்குத் திரும்பினார்கள். அங்கே மெக்கானிக் நூர்தீன் வேறொரு எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். சேசடிமை அழாத குறையாக விவரம் சொன்னான். தலையை வெளியே எடுக்காமலே அவர் சொன்னார்:

"கரையில ஒரு ஆள் நடக்கிற வேகம்தான் தூண்டில் இழுக்கிறதுக்குச் சரி. அந்த வேகத்துக்கு வள்ளத்தைக் கொண்டு வாங்க. முடியலைன்னா பாரத்தை ஏத்துங்க, வள்ளம் அடங்கும். அதுலயும் அடங்கலைன்னா ஒரு வாளியைக் கயித்துல கட்டிப் பின்னால விடுங்க. வாளி தண்ணியைப் பிடிச்சுக்கிட்டு வள்ளத்தை விடாது. போங்க, என் வேலையைப் பார்க்க விடுங்க."

மூன்று யோசனை. மூன்றையும் வரிசை தப்பாமல் செய்வது என்று வள்ளத்தில் தீர்மானம் ஆனது.

முதலில் லாசரைக் கரையில் இறக்கி நடக்கச் சொன்னார்கள். அவன் மணலில் நடந்தான். வள்ளம் பக்கத்திலேயே புறப்பட்டது. ஒரு தும்மல் நேரத்தில் லாசர் புள்ளியாகிவிட்டான். திரும்பி வந்தார்கள்.

"ஏலே லாசரு, நீ ஏன்ல பின்தங்குத?" என்றான் தொம்மை.

"நான் ஒழுங்காத்தான் நடக்கேன். நீங்கதான் ஓடுதீங்க."

"வள்ளத்துக்கு ஏதுல காலு, ஓடுறதுக்கு? உனக்குத்தான் இருக்கு, ரெண்டு. அதை வச்சு என்ன செய்யுத?"

லாசருக்கு ரோசம் வந்தது. அடுத்த தடவை ஓடினான். அப்படி ஒரு ஓட்டத்தை அந்தக் கரை பார்த்ததில்லை. நண்டெல்லாம் வளைக்குள் போய்விட்டது. அப்போதும் வள்ளம்தான் முன்னால்.

சேசடிமை வெயிலைப் பார்த்தான். சூரியன் பனைமரத்து உயரம் வந்திருந்தது. "கஸ்பார் அண்ணே, ஏதாவது செய்யுங்கண்ணே. மாமன் வேற இடம் பார்த்துருவாரு."

கஸ்பார் கண்ணை மூடி யோசித்தான். அவன் யோசிக்கும்போது யாரும் மூச்சு விடுவதில்லை. விட்டால் யோசனை கலைந்துவிடும் என்று சொல்லியிருந்தான்.

"தப்பு எங்கன்னா" என்று கண்ணைத் திறந்தான், "நடக்கிறவன் ஒரு இடம், வள்ளம் ஒரு இடம். ரெண்டையும் பிரிச்சு வச்சா எப்படி ஒண்ணாப் போகும்? லாசரு, வள்ளத்துக்குள்ள ஏறி நட."

லாசர் ஏறினான். வள்ளத்தின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்கும், பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கும் நடந்தான். தொம்மை எஞ்சினை முடுக்கினான். சேசடிமை திரும்பிப் பார்த்தான். லாசர் பக்கத்திலேயே இருந்தான். கொஞ்சம் போய் மறுபடியும் பார்த்தான். லாசர் இன்னும் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்தான். வள்ளம் அவனை ஒரு அடிகூடத் தாண்டவில்லை.

"பார்த்தியால" என்றான் கஸ்பார். "இதுதான் நடக்கிற வேகம்."

"அப்போ தூண்டில் ஏண்ணே இன்னும் பறக்குது?"

"அதுக்கு யாரும் சொல்லலை போல. லாசரு, தூண்டில் பார்க்கிற மாதிரி நட."

லாசர் தூண்டிலைப் பார்த்தபடி, பின்பக்கமாக நடந்து காட்டினான். காட்டும்போது கால் இடறித் தொம்மையின் மடியில் உட்கார்ந்தான். முதல் யோசனை அத்தோடு முடிந்தது.

இரண்டாவது, பாரம். கூனித்துறையில் பாரமான சாமான் என்றால் சேசடிமையின் அம்மா வைத்திருந்த ஆட்டுக்கல்தான். நாலு பேரும் போய்த் தூக்கினார்கள். அதில் அரிசியும் உளுந்தும் பாதி அரைபட்டுக் கிடந்தது.

"எலேய், மாவை வழிச்ச பெறகு எடுத்துட்டுப் போங்கல! சம்பந்தி வீட்டுக்கு இட்லி அவிக்க வச்சிருக்கேன்!"

"நேரமில்லம்மா. போற வழியில ஆட்டிக்கிறோம்."

அம்மிக்கல், குழவி, துணி துவைக்கிற உடைந்த கல், பழைய நங்கூரம் எல்லாம் ஏறின. லாசர் ஆட்டுக்கல் பக்கத்தில் உட்கார்ந்து, சொன்னபடி மாவாட்டிக்கொண்டே வந்தான். நம்புங்கள், வள்ளம் அடங்கிவிட்டது. விளிம்பு வரை தண்ணீரில் அமிழ்ந்து, எஞ்சின் முனகிக்கொண்டு, கர்ப்பிணி நடை நடந்தது. பின்னால் கோழி இறகு மெல்லத் தண்ணீருக்குள் இறங்கி நீந்தியது. தூரத்தில் சீலா மீன் கூட்டம் ஒன்று துள்ளுவது தெரிந்தது. சேசடிமை தூண்டில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு, பிரகாசியின் பெயரை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான்.

"நிறுத்து!" என்றான் கஸ்பார்.

தொம்மை நிறுத்தினான்.

"மீன் ஏறினா அதை எங்க வைப்ப?"

நாலு பேரும் வள்ளத்தைப் பார்த்தார்கள். கால் வைக்க இடம் இல்லை.

"தாம்பாளத்துக்கு வெளிய வால் நீட்டுற மீனுல" என்றான் கஸ்பார். "அதுவும் ஏறி, இந்தக் கல்லும் இருந்தா வள்ளம் முங்கிரும். வரப்போறது விருந்தாளி. விருந்தாளிக்கு முன்னாடியே இடத்தை ஒழிச்சு வைக்கிறதுதான் மரியாதை."

சேசடிமைக்கு ஏதோ இடறியது. "அண்ணே, மீன் வந்த பெறகு ஒழிச்சா?"

"வந்தவங்களை நிக்க வச்சுக்கிட்டா வீட்டைக் கூட்டுவ?"

கல் ஒவ்வொன்றாகக் கடலில் இறங்கியது. கடைசியாக ஆட்டுக்கல் போனது, மாவோடு. அந்த இடத்தில் கடல் கொஞ்ச நேரம் வெள்ளையாக இருந்தது. மீன் விருந்தாளிக்கு இடம் விசாலமாகக் கிடைத்தது. தொம்மை எஞ்சினை முடுக்கினான். கோழி இறகு மறுபடியும் ஆகாயத்துக்குப் போனது.

மூன்றாவது, வாளி. நல்ல பிளாஸ்டிக் வாளி. கைப்பிடியில் கயிற்றைக் கட்டிப் பின்னால் விட்டார்கள். வாளி தண்ணீரைப் பிடித்தது. வள்ளம் சற்றுத் தயங்கியது.

"நிறைஞ்சிருச்சு" என்றான் லாசர்.

"நிறைஞ்சா எடுக்கணும்ல" என்றான் தொம்மை. "நிறைஞ்ச வாளியை எந்தக் கிணத்துல விட்டுட்டு வந்திருக்க?"

நியாயம்தானே. வாளியை மேலே இழுத்தார்கள். இழுத்த தண்ணீரை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. பின்னால் ஊற்றலாம் என்றான் லாசர். கஸ்பார் தலையை ஆட்டினான்.

"பின்னால ஊத்தினா பின்னால தண்ணி கூடி வள்ளத்தைத் தள்ளும். முன்னால ஊத்து. முன்னால தண்ணி மேடாகும். வள்ளம் மேடேறணும். மேடேறும்போது எந்த வண்டியும் மெதுவாத்தான் போகும்."

லாசர் பின்னால் மொண்டான். சேசடிமை வாங்கி முன்னால் ஓடி ஊற்றினான். மொண்டு மொண்டு, ஊற்றி ஊற்றி, மாப்பிள்ளை வேட்டியெல்லாம் நனைந்து, கை ஓய்ந்துவிட்டது. வள்ளம் மேடேறுகிற மாதிரித் தெரியவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஊத்தணும்" என்றான் கஸ்பார். "கடல் கொஞ்சம் பெரிசு."

அந்த நேரம் பார்த்து வாளியின் கைப்பிடி பிய்ந்துகொண்டது. வாளி அலை மேல் ஆடி ஆடிப் போய்விட்டது. கயிறு மட்டும் கையில் நின்றது. சூரியன் தலைக்கு மேலே வந்துகொண்டிருந்தது. சேசடிமை கயிற்றைப் பார்த்தான், வெள்ளைமணல் இருக்கிற திசையைப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது.

"போச்சுண்ணே. அவ்வளவுதான். பிரகாசி வேற எவனையாவது கட்டிக்கிட்டுப் போயிருவா. நான் இந்தக் கயித்தை வச்சுக்கிட்டு என்ன செய்ய?"

கஸ்பாருக்கு அவன் அழுகை பொறுக்கவில்லை. என்ன இருந்தாலும் நல்ல மனுசன். எழுந்து கயிற்று முனையை வாங்கிக்கொண்டான்.

"ஒரு வாளி செய்யுற வேலையை நான் செய்ய மாட்டனால?" என்று கேட்டுவிட்டுக் கடலில் குதித்தான்.

குதித்ததும் இடுப்பில் லுங்கியாகக் கட்டியிருந்த சாரம் தண்ணீரில் குடை மாதிரி விரிந்து உப்பியது. ஒரு வாளி என்ன, பத்து வாளித் தண்ணீரை அது பிடித்துக்கொண்டது. வள்ளம் சட்டென்று அடங்கியது. எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் வள்ளம் அவனை இழுத்துக்கொண்டு ஒரு ஆள் நடக்கிற நடைதான் நடந்தது. கோழி இறகு சமத்தாகத் தண்ணீருக்குள் இறங்கியது. நூர்தீனே வந்திருந்தாலும் இதைவிடச் சரியாக ஓட்டியிருக்க முடியாது.

"எப்படிண்ணே இருக்கு?" என்று கத்தினான் சேசடிமை.

"வாளிக்கு இவ்வளவு கஷ்டம்னு தெரியாமப் போச்சு!" என்று பதில் வந்தது.

கொஞ்ச தூரம் போயிருப்பார்கள். சேசடிமையின் விரலில் சுற்றியிருந்த தூண்டில் கயிறு வெடுக்கென்று இழுத்தது.

"ஏறிருச்சு! ஏறிருச்சு!"

இழுத்தான். அசையவில்லை. தொம்மையும் லாசரும் வந்து சேர்ந்து பிடித்தார்கள். மறுமுனையில் இருந்த மீன் மலை மாதிரி கனத்தது.

பின்னாலிருந்து கஸ்பார் கத்தினான்: "விட்டுராதல சேசடிமை! பெரிய மீன்ல! என் சாரத்தையே பிடிச்சு இழுக்குது!"

"நீங்க பிடிச்சுக்கோங்கண்ணே!"

"பிடிச்சிருக்கேன்! சாரத்தைக் கெட்டியாப் பிடிச்சிருக்கேன்! நீங்க இழுங்க, நான் இந்தப் பக்கம் விட மாட்டேன்!"

மூன்று பேர் அந்தப் பக்கம், கஸ்பார் இந்தப் பக்கம். இழுபறி நீண்டது. ஒரு கட்டத்தில் கஸ்பார் தளர்ந்தான். தூண்டில் கயிறு சரசரவென்று வந்தது. விளிம்புக்குக் கொண்டுவந்து மூன்று பேரும் ஒரு மூச்சில் தூக்கி வள்ளத்துக்குள் போட்டார்கள்.

கஸ்பார். இடுப்பில் சாரத்தின் முடிச்சில் தூண்டில் மாட்டியிருந்தது.

தொம்மை எஞ்சினை நிறுத்திவிட்டான்.

"மீன் எங்கண்ணே?" என்றான் சேசடிமை மெதுவாக.

கஸ்பார் இடுப்பைப் பார்த்தான். முள்ளைத் தொட்டுப் பார்த்தான். கண்ணை மூடினான். எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். கண்ணைத் திறந்தபோது அவன் முகம் ரொம்பத் தெளிவாக இருந்தது.

"மாமன் என்ன சொன்னாரு? சொல்லு."

"முதல்ல தூண்டில்ல எது ஏறுதோ அதுதான் சீர்னாரு."

"மீன்னு சொன்னாரா?"

சேசடிமை நினைத்துப் பார்த்தான். "எதுன்னுதான் சொன்னாரு."

"வேற என்ன?"

"திருப்பிக் கடல்ல விடக் கூடாது. மாத்தக் கூடாது."

"அப்புறம் என்னல யோசனை? முதல்ல ஏறினது நான். என்னை மறுபடியும் கடல்ல விட்டீங்கன்னா கல்யாணம் கெட்டுப்போகும். வள்ளத்தை விடு."

"வாளிக்கு யாரு?" என்று கேட்டான் லாசர்.

"இனிமே எதுக்குல மெதுவு? பறக்க விடு!"

அந்த எஞ்சினுக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதானே. கண் மூடித் திறப்பதற்குள் வெள்ளைமணல் கரையில் பாதி வள்ளம் மணலுக்குள் ஏறி நின்றது. முன்கூட்டியே தாம்பாளத்தோடு காத்திருந்தாள் சேசடிமையின் அம்மா. ஆட்டுக்கல் எங்கே என்று அவள் கேட்பதற்குள் தாம்பாளத்தைக் கீழே வைத்து, கஸ்பாரை அதில் படுக்க வைத்தார்கள். முதுகு மட்டும் தாம்பாளத்தில் அடங்கியது. இந்தப் பக்கம் தலை, அந்தப் பக்கம் கால். ஊர்வலம் வியாகுலம் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது.

வியாகுலம் மீசையைத் தடவினார். தாம்பாளத்தைச் சுற்றி வந்தார்.

"என்னய்யா இது?"

"முதல் பாடு மாமா" என்றான் சேசடிமை. "தூண்டில்ல ஏறினது. திருப்பி விடலை. மாத்தலை. வாங்கவும் இல்லை."

"வாங்கப் போயிருந்தாலும் யாரும் தந்திருக்க மாட்டாங்க" என்றான் கஸ்பார், படுத்தபடியே.

வியாகுலத்துக்குத் தர்மசங்கடம். இல்லை என்றால் சொன்ன சொல் போகும். ஆமாம் என்றால் ஊர் சிரிக்கும். அவர் மனைவி சூசையம்மா மீன் விற்றே தலை நரைத்தவள். அவள் குனிந்து பார்த்தாள். கஸ்பாரின் காதைத் தூக்கிப் பின்னால் பார்த்தாள். தொடையில் கட்டை விரலால் அழுத்தினாள். சதை திரும்பி எழுந்தது. இமையை விலக்கிக் கண்ணைப் பார்த்தாள்.

"காது நல்ல சிவப்பு. கண்ணு குழி விழலை. சதை கெட்டி. செதில் கிடையாது" என்றாள். "இன்னைக்குப் பிடிச்சதுதான். அதுல சந்தேகமில்லை."

உள்ளேயிருந்து பிரகாசி வந்து நிலைப்படியில் நின்றாள். தாம்பாளத்தைப் பார்த்தாள், நனைந்த வேட்டியோடு நிற்கிற சேசடிமையைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"மாமா, போன மாசம் பக்கத்து வீட்டு நிச்சயத்துக்கு ஒருத்தர் கொண்டு வந்தாரே மீனு, அதுல ஐஸ்கட்டி ஒட்டியிருந்துச்சு. கடலுக்குள்ள ஐஸ் எங்க கெடந்துச்சுன்னு நீங்க கேக்கலை. இவரு ஏறினதை ஏறினபடி கொண்டு வந்திருக்காரு. வால் வெளிய நீட்டுதா, இல்லையா? அதைப் பாருங்க."

வியாகுலம் குனிந்து சாண் போட்டார். முட்டுக்குக் கீழே முழுசாக வெளியே நின்றது. எழுந்து மீசையை முறுக்கும்போது கோவிலில் உச்சி மணி அடிக்கத் தொடங்கியது.

"நான் சொன்ன சொல்லு சொன்னதுதான்" என்றார். "வால் நீட்டுது. மணிக்கு முன்னால வந்திருக்கு. தட்டை மாத்துங்க!"

குலவை ஒலி எழுந்தது. வெற்றிலைத் தட்டு கை மாறியது. சேசடிமைக்குக் கால் தரையில் படவில்லை. பிரகாசி இந்தத் தடவை அவனைப் பார்த்து மட்டும் சிரித்தாள். சட்டையும் சரியாகத்தான் போட்டிருந்தான்.

அப்போது சூசையம்மா உள்ளே போய் அரிவாள்மனையை எடுத்து வந்து வாசலில் போட்டு உட்கார்ந்தாள். முதல் பாட்டை இரண்டு வீட்டாருமாகப் பங்கு போட்டுச் சாப்பிட்டால்தான் நிச்சயம் முடிந்ததாகக் கணக்கு.

"குழம்புக்கா, வறுக்கவா?" என்றாள்.

சேசடிமைக்கு மனசில் ஏதோ ஒன்று உறுத்தியது. ஆனால் கூடி வந்த காரியத்தில் மாப்பிள்ளை வாயைத் திறந்து குறை சொல்லக் கூடாது என்று அடக்கிக்கொண்டான். அதற்குள் பங்குச் சண்டை தொடங்கிவிட்டது. நடுத்துண்டு எங்களுக்கு என்றார்கள் பெண் வீட்டார். பிடித்தது நாங்கள், நடுத்துண்டு எங்களுக்கு என்றான் தொம்மை. அப்போ வாலை யாருக்குக் கொடுப்பீங்க, நாய்க்கா என்று வியாகுலம் மீசையில் கை வைத்தார். தட்டு மாற்றின கை அடிதடிக்குப் போய்விடும் போலிருந்தது.

தாம்பாளத்திலிருந்து கஸ்பார் கையைத் தூக்கினான். எல்லாரும் அவன் பக்கம் திரும்பினார்கள்.

"நல்ல நாளும் அதுவுமா ஏன் சண்டை? நான் சொல்லுதபடி செய்யுங்க. நடுத்துண்டு பொண்ணு வீட்டுக்கு. வால் பக்கம் மாப்பிள்ளை வீட்டுக்கு. தலையை மட்டும் யாரும் கேக்கக் கூடாது. தலை எனக்கு."

எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. கஸ்பார், சூசையம்மாவுக்குக் கை எட்ட வேண்டுமே என்று, தாம்பாளத்தோடு அரிவாள்மனைப் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து, ஒருக்களித்துப் படுத்துக்கொண்டான்.